இருங்கக்கா கையெழுத்துப் போடாத காகிதம்

பொத்தான்காரி அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது கம்பெனிப் பேருந்தில். பொத்தான் தைக்கிற பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, நாலு வயது மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் சட்டைக்குக் காலர் வைக்கிற பிரிவில் பன்னிரண்டு வருஷமாகப் பழம் தின்று கொட்டை போட்டவள்.

"பிள்ளையை இருங்கக்காகிட்டதானே விடப்போற?" என்று கேட்டாள் காலர்காரி.

"அது என்ன பேரு, இருங்கக்கா?"

"பெத்தவங்க வெச்ச பேரு ஒண்ணு இருக்கு. யாரு கூப்புடுறா? நீ பஸ்ஸைப் புடிக்க அலறிக்கிட்டு நிப்ப. அது வந்து, 'இருங்க, அவங்களே போட்டுப்பாங்க'ன்னு சொல்லும்."

"யாரு அவங்க?"

"உன் மடியில மூக்கு ஒழுகிக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்கதான்."

முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் சிரித்தது. மூக்கு ஒழுகியவளும் சிரித்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை அது.

பேருந்து ஓட்டியவன் பொத்தான்காரிக்கு அந்நியன் கிடையாது. அவள் வீட்டுக்காரருடைய சித்தப்பாவுக்கு இளைய தாரத்தில் பிறந்த மூத்தவன். ஆக, கொழுந்தன் முறை. இருங்கக்காவோ காலர்காரியின் சின்னம்மாவுக்கு ஓரகத்தி. தோண்டிப் பார்த்தால் அந்தச் சட்டைத் தொழிற்சாலை முழுக்க ஒரே குடும்பம்தான். குடும்பம் என்றால் சண்டைக்கா பஞ்சம்?

இருங்கக்கா பிள்ளைகள் அறைக்கு வந்த கதையும் கொஞ்சம் இருக்கிறது. பதினொரு வருஷம் அவள் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டையை விளக்குக்கு நேரே பிடித்து, கோணல் தையல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கண்ணில் பூ விழ ஆரம்பித்ததும், "இனி இந்தம்மா எதுக்கு ஆகும்?" என்று யோசித்து, பிள்ளைகள் அறைக்குத் தள்ளினார்கள். மூக்குத் துடைக்கவும் தூங்க வைக்கவும் கண் எதற்கு என்று நினைத்தார்கள் போல.

அவளுக்கு ஒரே மகள். அந்த மகளை வளர்த்த விதத்தை இருங்கக்கா யாரிடமும் ஒளித்ததில்லை. "ஓடு ஓடுன்னே வளத்தேன். சட்டையை நானே மாட்டினேன், சோத்தை நானே திணிச்சேன், தாமதம்னா முதுகுல ஒண்ணு வெச்சேன். இப்ப அதுக்கு இருபத்தி ரெண்டு வயசு. காய்கறிக் கடையில நின்னுக்கிட்டு, 'அம்மா, கத்திரிக்காய் வாங்கவா, வேணாமா'ன்னு போன் பண்ணுது. கத்திரிக்காய்க்கு யாராச்சும் அனுமதி கேப்பாங்களா?" இதைச் சொல்லும்போது கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

அந்த அறை முன்பு வெட்டுத்துணி கொட்டி வைக்கிற கிடங்காக இருந்தது. இருங்கக்கா வந்த பிறகு சுவரில் பை மாட்டும் ஆணிகள் கீழே இறங்கின. பெரியவர்களுக்குத் தொடை உயரம், பிள்ளைகளுக்குத் தோள் உயரம். எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒவ்வொரு ஆணிக்கும் மேலே ஒரு துணிப் படம் தைத்து ஒட்டியிருந்தாள். மீன், குடை, பூனை, கத்தரிக்கோல். தண்ணீர்ப் பானையும் தரையில்தான். சின்னச் செம்பால் மொண்டு பிள்ளைகளே ஊற்றிக் குடிப்பார்கள். சிந்தினால் துடைக்க, பக்கத்திலேயே கைக்கெட்டும் கொடியில் துணி தொங்கும். சிந்தியவரே துடைப்பார். யாரும் கத்த மாட்டார்கள்.

இருங்கக்கா பொடிசுகளை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். "மூக்கைத் துடைக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் துடைப்பாள். "ஊருல கலெக்டருக்குக்கூட இந்த மரியாதை இல்ல," என்பாள் காலர்காரி. வேண்டாம் என்று ஒரு பிள்ளை தலையாட்டினால், இருங்கக்கா கையில் துணியோடு அப்படியே நிற்பாள். அரை நிமிஷத்தில் அந்தப் பிள்ளையே மூக்கை நீட்டும்.

அஞ்சரைக்கு மணி. அஞ்சு நாற்பதுக்குப் பேருந்து. நடுவில் இருந்த அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எல்லாச் சனியும் உட்கார்ந்திருந்தது. முற்றத்தில் உடைந்த ஊசி முனைகள் கிடக்கும்; காலை மூடும் ஷூ இல்லாமல் யாரும் அதைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். தாய்மார் ஓடி வரும்போது, ஒரு நீளப் பலகையில் இருபத்து மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து, நாற்பத்தாறு ஷூக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

முதல் நாளே பொத்தான்காரி மகளின் காலைப் பிடித்து ஷூவுக்குள் திணிக்கப் போனாள்.

"இருங்க," என்றது ஒரு குரல். "உதவி வேணுமான்னு அவங்களைக் கேட்டுக்கோங்க."

"என் பிள்ளைகிட்ட நான் கேக்கணுமாக்கா?"

"கால் அவங்களுதுதானே?"

பொத்தான்காரிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. ஆனாலும் புது இடம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வாலு இடது ஷூவை வலது காலில் மாட்டி, நடந்து பார்த்து, கழற்றி, மறுபடியும் மாட்டினாள். பேருந்து ஹாரன் அடித்தது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் வாலுவின் ஷூ வார் வளையத்துக்குள் நுழைய மறுத்தது. வாலுவும் விட மறுத்தாள். பேருந்து எட்டு நிமிஷம் தாமதம். ஏறும்போது ஐம்பது பேர் முறைத்தார்கள். கொழுந்தன் கண்ணாடி வழியே பார்த்து, "வாங்க அண்ணி, உங்க மகாராணி பரிவாரத்தோட வந்துட்டாங்களா?" என்றான். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இறங்கி மாறவேண்டிய அடுத்த பேருந்தும் போய்விட்டது. முக்கால் மணி நேரம் பிள்ளையோடு நிறுத்தத்தில் நின்றாள்.

மறுநாள் காலை நேரே சூப்பர்வைசரம்மாவிடம் போய்ச் சொன்னாள்: "அந்தக்கா வேணும்னே பிள்ளைங்களைத் தாமதம் பண்ணுதும்மா. கெளப்பி விடவே மாட்டேங்குது."

நரம்பில்லாத நாக்குதானே. சொன்னதும் மனசு ஆறிவிட்டது. சூப்பர்வைசரம்மா அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, அடியில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அவளும் போட்டாள்.

நாலாம் நாள் மத்தியானம், தாய்மார் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நேரத்தில், விநாடி சார் அறைக்குள் வந்தார். அவருக்கு வேலையே நேரம் எடுப்பதுதான். ஒரு பொத்தான் தைக்க எத்தனை விநாடி, ஒரு காலர் திருப்ப எத்தனை விநாடி என்று நிறுத்துக் கடிகாரத்தோடு பின்னால் நின்று குறிப்பார். மூச்சு விடுவதைக்கூடக் கணக்கில் சேர்ப்பார் என்பார்கள். அறையில் இருந்ததெல்லாம் குட்டி நாற்காலி. அதில் உட்கார்ந்ததும் அவர் முழங்கால் காதைத் தொட்டது.

சாப்பிட்டு முடித்து, முற்றத்துக்கு அந்தப் பக்கம் உள்ள புல்தரையில் விளையாடப் போகப் பிள்ளைகள் ஷூ மாட்ட ஆரம்பித்தார்கள். விநாடி சார் வாலுவைப் பார்த்துக் கடிகாரத்தை அழுத்தினார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் வாலு.

"நீ எவ்வளவு நேரத்துல போடுறேன்னு பாக்குறேன்."

"நீங்க எவ்வளவு நேரத்துல போடுவீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். அவர் ஷூவிலும் ஒரு பக்கம் கயிறு அவிழ்ந்துதான் கிடந்தது. காலர்காரி சோற்றை வாயில் வைத்துக்கொண்டே புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

"நாலு நிமிஷம் இருபது செகண்டு," என்றார் விநாடி சார், இருங்கக்காவைப் பார்த்து. "நீங்களே மாட்டி விட்டா ஒரு பிள்ளைக்கு இருபது செகண்டு. இருபத்து மூணு பிள்ளைக்கும் சேத்து எட்டு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"எழுதிக்கோங்க சார்," என்றாள் இருங்கக்கா. "நான் மாட்டினா அது என் வேலை. அவங்க மாட்டினா அது அவங்க வேலை. எனக்குத்தான் கம்பெனி சம்பளம் குடுக்குது. என் வேலையை அளங்க. அவங்க வேலையை அளக்க நீங்க யாரு?"

"விளையாட்டு இல்லம்மா. அடியாத மாடு படியாது."

"மாடு எங்க சார் ஷூ போடுது?"

விநாடி சார் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. இடுப்பில் மாட்டிக்கொண்டு கழல மறுத்தது. பிள்ளைகள் ஓடிப்போய், "பிடிச்சு இழுக்கட்டுங்களா?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுத்தான் இழுத்தார்கள்.

பொத்தான்காரி அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் சோறு இறங்கவில்லை. விநாடி சாரை இங்கே அனுப்பியது யார் கையெழுத்துப் போட்ட காகிதம் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்து வந்த விடுமுறை நாளில், வீட்டில் வாலு தரையில் உட்கார்ந்து தன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் பொத்தான் தைக்கிறவள் பொத்தான்காரி. தான் பெற்ற பிள்ளையின் விரல் ஒரு பொத்தானைத் துளைக்குள் தள்ளுவதை அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. முதல் பொத்தானே தப்பு. அது இரண்டாவது துளைக்குள் போனது. "ஏய்" என்று வாய் வரை வந்துவிட்டது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். கை சும்மா இருக்க எவ்வளவு வலிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. வாலு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே கீழே வந்தாள். கடைசியில் துளை இல்லாமல் ஒரு பொத்தான் நின்றது.

"அம்மா, ஒண்ணு மிச்சம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் யாரும் சொல்லாமலே எல்லாவற்றையும் அவிழ்த்து, மேலே இருந்து மறுபடியும் தொடங்கினாள்.

பொத்தான்காரி எழுந்து முகம் கழுவப் போனாள். அன்றைக்கு அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துக் கருகிப்போனது. அதற்கு யார் மேலும் அவள் எரிந்து விழவில்லை.

மறுநாள் தொழிற்சாலைக்கு வந்தால் செய்தி காத்திருந்தது. இருங்கக்காவிடம் ஒரு காகிதம் நீட்டியிருக்கிறார்கள். தினமும் அஞ்சு இருபத்தைந்துக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தானே ஷூ மாட்டி, வரிசையாக உட்கார வைத்துவிடுவேன் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் நூல் வெட்டும் பிரிவுக்குப் போக வேண்டும்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்," என்று இருங்கக்கா சொன்னாளாம். "இதுல போட மாட்டேன்."

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையாதும்மா. இந்த வயசுலதான் பழக்கணும்," என்றிருக்கிறாள் சூப்பர்வைசரம்மா.

"வளைச்சு வளைச்சு நான் பெத்தது ஒண்ணு கூனிப்போச்சு தாயி. போதும். நிமிந்து நிக்கிறதை இருபத்து மூணு பேராச்சும் பழகட்டும்."

அன்று மத்தியானமே அவள் நூல் வெட்டும் மேசைக்குப் போய்விட்டாள். கண்ணில் பூ விழுந்தவளுக்குக் கத்தரியும் நூலும். பொல்லாத தண்டனைதான்.

பிள்ளைகள் அறைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். நல்ல பெண்தான், சுறுசுறுப்பு, கை காற்றாய்ப் பறக்கும். ஐந்து மணிக்கே இருபத்து மூன்று பேருக்கும் ஷூவை மாட்டி, கையைக் கட்டி உட்கார வைத்தாள். முதல் நாள் பேருந்து சரியாக அஞ்சு நாற்பதுக்குக் கிளம்பியது. சூப்பர்வைசரம்மா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் வாலு ஷூவைக் கழற்றினாள். புதியவள் மாட்டினாள். வாலு மறுபடியும் கழற்றினாள். பக்கத்தில் இருந்தவனும் கழற்றினான். தீ வைத்தது போல் பலகை முழுக்கப் பரவியது. மணி அடித்துத் தாய்மார் வந்து பார்த்தால், நாற்பத்தாறு ஷூவும் தரையில். புதியவள் கண் கலங்கி நடுவில் நின்றாள். அவள் என்ன செய்வாள், பாவம். வாலுவின் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என் காலு," என்றாள் வாலு, அழாமல். "கேட்டுட்டுப் புடிங்க."

பொத்தான்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு திரும்பி, அங்கிருந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். அந்த அறைக்குள் அவள் கால் வைத்ததே இல்லை.

"சார், இருங்கக்கா மேல முதல்ல புகார் குடுத்தது நான்தான். பஸ் போன கோவத்துல சொன்னது. வேணும்னே தாமதம் பண்ணுதுன்னு சொன்னேன். அது பொய். அந்தக் காகிதத்தைத் திருப்பிக் குடுங்க."

மேனேஜர் நல்ல மாதிரி. குரல் உயர்த்த மாட்டார். "எழுதினது எழுதினதுதான்மா. அது ஃபைலுக்குப் போயிடுச்சு."

"பொத்தான் தப்பாப் போயிட்டா நாங்க பிரிச்சுத் தைக்கிறோமே சார். உங்க காகிதத்தைப் பிரிக்க முடியாதா?"

"அதுக்கப்புறம் வேற நாலு பேரும் எழுதிக் குடுத்திருக்காங்க. இங்க பாருங்க, இனிமே பஸ் யாருக்காகவும் நிக்காது."

"அப்போ போகட்டும் சார்."

"போனா நீங்க எப்படிப் போவீங்க?"

"எனக்குக் கால் இருக்கு. என் பொண்ணுக்கும் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஷூ போடத் தெரியும்."

மறுநாளும் ஷூக்கள் தரையில்தான் கிடந்தன. மாலை மணி அடித்ததும் பொத்தான்காரி பிள்ளைகள் அறைக்குள் போய், பலகைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "மெதுவா போடுங்க," என்றாள் மகளிடம். தன் வாயிலிருந்து 'ங்க' வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது. காலர்காரி வந்து பார்த்து, "பைத்தியம் புடிச்சிடுச்சா உனக்கு?" என்று திட்டிவிட்டு, திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் மூன்று பேர் உட்கார்ந்தார்கள்.

கொழுந்தன் ஹாரன் அடித்து அலுத்துப்போய் இறங்கியே வந்துவிட்டான். "அண்ணி, குடும்ப மானத்தை வாங்காதீங்க. ஏறுங்க."

"இருங்க கொழுந்தனாரே."

"மேனேஜர் என் சீட்டைக் கிழிச்சிடுவார், அண்ணி."

"அப்ப நீங்க போங்க. உங்களை யாரு புடிச்சா?"

அவன் போய்விட்டான். வேறு என்ன செய்வான்? பேருந்து போகும் சத்தம் கேட்டது. ஷூ வாரை வளையத்தில் நுழைத்து முடித்து, வாலு எழுந்து நின்றாள்.

வேறு பேருந்து பிடிக்கப் பெருஞ்சாலை வரை நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். தொழிற்சாலை வாசலில் இருங்கக்கா நின்றிருந்தாள். தலைமுடியில் நூல் பிசிறு. நன்றி சொல்வாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"இவ்வளவு தூரம் நடக்க முடியுமான்னு அவங்களைக் கேட்டீங்களா?" என்றாள்.

ஐந்து தாய்மாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேட்கவில்லை. நடுரோட்டில் நின்று கேட்டார்கள். நாலு பிள்ளைகள் நடப்பதாகச் சொன்னார்கள். காலர்காரியின் மகன் மட்டும், "எனக்கு பஸ்ஸுதான் வேணும்," என்றான்.

"அடப்பாவி, மானத்தை வாங்குறியே!" என்றாள் காலர்காரி.

"அவங்களுக்கு வேணாம்னா வேணாம்தான்," என்றாள் இருங்கக்கா. அன்றைக்கு அவன் தாயின் இடுப்பில் போனான். மறுநாளிலிருந்து காலர்காரியின் மகன் ஷூவோடு முதல் ஆளாகத் தயாராகி, தாயோடு பேருந்தில் போனான். மற்றவர்கள் நடந்தார்கள். வழியில் காலர்காரி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "நான் மனசால உங்களோடதான் நடக்குறேன்டி!" என்று கத்துவாள்.

நாலு பேர் ஒன்பது பேரானார்கள், ஒன்பது பதினான்கானது. வீட்டுக்குப் போகத் தாமதம், அதனால் காலையில் எழத் தாமதம், காலைப் பேருந்தும் போச்சு. தாய்மார் இல்லாத மெஷின்கள் காலையில் சும்மா கிடந்தன. காலரும் பொத்தானும் இல்லாமல் சட்டைகள் மேசை மேசையாகக் குவிந்தன. விநாடி சார் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதை அளப்பது என்று தெரியாமல் அலைந்தார். வீட்டில் பொத்தான்காரியின் கணவர் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "நாளைக்கும் நடையா?" என்று கேட்டார். "நாளைக்கும்தான்," என்றாள்.

எட்டாம் நாள் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். நிர்வாக வசதிக்காகப் பேருந்து இனி அஞ்சு ஐம்பதுக்குப் புறப்படும். நிர்வாக வசதிக்காக இருங்கக்கா மறுபடியும் பிள்ளைகள் அறைக்குப் போகிறாள். யார் வசதி என்று ஊருக்கே தெரியும். புதியவளையும் அங்கேயே உதவிக்கு விட்டார்கள். முதல் வாரம் முழுக்க அவள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துப் பழகினாள். பொத்தான்காரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது இன்னும் அவள் ஃபைலில் இருக்கிறது. இருக்கட்டும்.

இருங்கக்கா திரும்பி வந்த மத்தியானம், பொத்தான்காரி போய் உண்மையைச் சொன்னாள்.

"தெரியும்," என்றாள் இருங்கக்கா. "கையெழுத்துப் போடச் சொன்னப்ப அந்தப் புகாரையும் காட்டினாங்க. உங்க பேருதான் மேல இருந்துச்சு."

"அப்புறம் ஏன்க்கா என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"

"கிழிகிழின்னு கிழிச்சிருப்பேன். அன்னைக்குன்னு பாத்து எனக்குப் பல்வலி." வாலுவின் பக்கம் திரும்பி, "தலை சீவி விடட்டுங்களா?" என்று கேட்டாள். வாலு வேண்டாம் என்றாள். சீப்பைத் தன் தலையிலேயே சொருகிக்கொண்டாள் இருங்கக்கா.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இருங்கக்காவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. அதே தொழிற்சாலையில், அதே பிள்ளைகள் அறையில் வேலை பார்க்கிறாள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.